கடைசி வரிக்கு ஒரு முதுகு

அறிவிப்புப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவர் ராணி அறையின் கதையைச் சொல்வார். ஆறு வருடமாக அதே பலகை, அதே சாய்மானம். "அண்ணே, இன்னைக்கும் சட்டையில பெயின்ட்டு," என்பாள் அறை கூட்டுகிறவள். அவரும் தட்டிவிட்டுக்கொள்வார்.

கடலோர அரண்மனைக்கு அவர்தான் வழிகாட்டி. தடித்த கல்தூண், அதன் மேல் கூரான வளைவு, அதற்கும் மேல் வெங்காயம் போல் உருண்ட குவிமாடம், பக்கத்திலேயே சாய்ந்த ஓட்டுக்கூரை. இது எந்த நாட்டுப் பாணி என்று கேட்காத ஆள் இல்லை.

"பாணி என்னங்க பாணி! ராணியா வரப்போற வெளிநாட்டுப் பொண்ணுக்குப் பொறந்த வீட்டு ஏக்கம் வரக்கூடாதுன்னு, அவங்க ஊரு ஜன்னலையும் கதவையும் ராஜா நம்ம ஊரு சுவத்துல வச்சுட்டாரு. ஆசைக்கு ஏதுங்க அளவு?"

பலகையின் கடைசி வரியை மட்டும் யாராலும் படிக்க முடியாது. அந்த வெளிநாட்டு இளவரசி கடைசிவரை கப்பலே ஏறவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பாதி எழுத்து அவர் சட்டையோடு போய்விட்டது.

அவர் வீட்டிலும் ஏறக்குறைய இதே கூத்துதான். மனைவி கடலுக்கு அப்பால் ஒரு பெரிய வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் ஆறு வருடம். அவள் அந்த வீட்டைப் படம் பிடித்து அனுப்புவாள். இவர் கொத்தனாரைக் கூப்பிடுவார். இரண்டே அறை உள்ள வீட்டில் சமையலறைக்கு வளைவு வாசல், படுக்கிற இடத்தில் வட்ட ஜன்னல். திரும்பி வந்தபின் அவள் அந்த வீட்டை நினைத்து ஏங்கிவிடக் கூடாதாம். தெருவில் 'சின்ன ராஜா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் கோபமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வருவாளா, நீட்டிப்பாளா என்ற கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ராணி அறை ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கும். நேற்று மதியம் அங்கே நிற்கும்போது அவள் கூப்பிட்டாள்.

"இந்த வீட்டுச் சின்னது என்னை விட்டா யார் கையிலயும் சாப்பிட மாட்டேங்குதுங்க. இன்னும் ரெண்டே வருஷம்."

"வட்ட ஜன்னலுக்கு நேத்துதான் கண்ணாடி போட்டேன்."

"அதையெல்லாம் கட்டச் சொல்லியா படம் அனுப்புனேன்? எம் பொழப்பு எப்படி ஓடுதுன்னு நீங்க பார்க்கத்தானே அனுப்புனேன்?"

அவர் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குள் அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது. வழக்கமான இடத்தில் போய் நின்று, கதையை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி கேட்டாள். "இவ்வளவு செஞ்சாரே, அந்தம்மா வந்தாங்களா?"

"வராம என்னம்மா!"

சொல்லிவிட்டு, தூணில் முதுகு சொறியும் மாடு போல, பலகையின் கடைசி வரி மேல் இப்படியும் அப்படியுமாக அழுத்தித் தேய்த்தார்.