ஓரிக்கை குடோனில் பன்னிரண்டு சிம் கார்டு

சிம் கார்டை ரீடரில் செருகினேன். ‘கார்டு இல்லை’ என்றது லேப்டாப். என் கையாலேயே செருகின கார்டை இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்ததைச் செருகினேன். அதுவும் இல்லையாம். பன்னிரண்டு கார்டும் இல்லையாம்.

இடம், ஓரிக்கையில் ஒரு பட்டுச் சேலை குடோன். சுவர் கனம். உள்ளே எந்த சிக்னலும் எடுக்காது. அதனால் குடோனுக்கென்றே சின்னதாக ஒரு செல் நெட்வொர்க் போட்டுத் தருவதாக என் முதலாளி ரஷீத் பாய் ஒப்புக்கொண்டிருந்தார். சொந்த நெட்வொர்க்குக்கு சொந்த சிம் வேண்டும். ஏடிஎம் கார்டு அளவில் வெற்று கார்டு வாங்கி, நம்பரையும் ரகசிய கீயையும் நாமே எழுத வேண்டும். எழுதுகிற சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம்.

இந்த ‘இலவசம்’தான் குடோன் ஓனர் ஏகாம்பரத்தை உறுத்தியது. “சும்மா கெடைக்கிறத வெச்சிக்கினு என் குடோன்ல வெளயாடாதீங்க பாய்” என்றார்.

பாய் என்னைக் கைகாட்டினார். “நம்ம ஸ்டெல்லா செஞ்சி குடுக்கும். ஓடலன்னா ஆண்டெனாவ கழட்டிக்கினு போயிடறேன்.”

அதுவரை நான் பாய் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவள். தனியாகக் கிடைத்த முதல் வேலை இது. சொதப்பினால் மறுபடி கவுண்டர்தான்.

புதன்கிழமை திறப்பு. பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் ஓனர் முதல் கால் பேசியாக வேண்டும். காலையில் ஒரு கார்டை எழுதிப் பார்த்தேன், சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. மற்றதையும் மேசையில் அடுக்கிவிட்டு டிபனுக்குப் போனேன். நாலு இட்லி தின்றுவிட்டு வந்தால் இந்தக் கூத்து.

டிரைவரை அழித்துப் போட்டேன். ஒயரை மாற்றினேன். சாஃப்ட்வேரைப் பிரித்து வரிவரியாகப் படித்தேன். குடோன் மேனேஜர் வரதன் அண்ணன் பக்கத்திலேயே நின்றதால், புரிந்த மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

பதினொரு மணிக்கு வெட்கத்தை விட்டு, கார்டுகளோடு சிக்னல் கிடைக்கும் வாசலுக்குப் போய், அந்த சாஃப்ட்வேரை எழுதுகிறவர்களின் குழுவில் கேட்டேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. இப்படி ஒரு கார்டை அவர் பார்த்ததே இல்லையாம். தங்கத் தகட்டின் மேல் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்புப் புள்ளி, இது எந்த கம்பெனி டிசைன் என்று கேட்டிருந்தார்.

குனிந்து பார்த்தேன். சந்தனம். அதன் மேல் குங்குமம். பன்னிரண்டு கார்டிலும்.

என் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது! அத்தனை நேரமும் விரலில் பிடித்துச் செருகியிருக்கிறேன், உறைக்கவே இல்லை. இந்த ஊரில் தறி, தராசு, லாரி, பீரோ எது புதிதாக வந்தாலும் பொட்டு இருக்கும். பொட்டு இல்லாதிருந்தால்தான் கவனித்திருப்பேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கே இந்த லட்சணம்.

வரதன் அண்ணனைக் கேட்டால் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “நீ டிபனுக்குப் போனப்ப நான்தாம்மா வெச்சேன். மத்த எடம் வெறும் பிளாஸ்டிக்கு. அது ஒண்ணுதான் தங்கமாட்டம் மின்னிக்கினு இருந்திச்சி.”

ரீடர் அந்தத் தகட்டைத் தொட்டுத்தான் படிக்கும். துடைக்கப் போனதும் பதறிவிட்டார். திறப்பு நாளில் குங்குமத்தை அழிப்பதாவது!

“அழிக்கலண்ணா, எடம்தான் மாத்தறோம்” என்றேன். யோசித்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: முதலில் அவர் அட்டையின் மூலையில் புதுப் பொட்டு வைப்பார், அதன் பிறகுதான் நான் தகட்டைத் துடைக்கலாம். ஒவ்வொரு கார்டுக்கும் அப்படியே செய்தோம். ஒவ்வொன்றிலும் நம்பர் ஏறியது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓனர் கால் போட்டார். பாய் இரண்டடி தள்ளி நின்று எடுத்தார்.

“கேக்குதா பாய்?”

“கேக்குது. போன்ல கேக்குதா, நேர்ல கேக்குதான்னுதான் தெரியல.”

ஓனர் முறைத்துவிட்டு, சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் குடோனின் கோடிக்கு நடந்தார். அங்கிருந்து பேசினால் நேரில் கேட்காது. பாய் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டார், பிறகு என்னிடம் நீட்டினார்.

“பக்கத்து குடோனும் நம்மளுதுதாம்மா” என்றது ஓனர் குரல். “அதுக்கும் நீயே போட்டுடு.”

அழுகையே வந்துவிட்டது.

ஜெர்மன்காரருக்கு நடந்ததை விளக்கி எழுதினேன். ‘ரீடர் கார்டை அறியவில்லை என்றால் தகட்டில் சந்தனம் இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று சாஃப்ட்வேரின் உதவிக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன்: சாஃப்ட்வேரைப் பிரிப்பதற்கு முன்னால் கார்டைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், நம் ஊரைத் தெரியாத யாரிடமாவது காட்டுங்கள்.