ஆயுத பூஜையும் இருபத்தொன்பது இன்ச்சும்

நஞ்சன்கூடு போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது எதிரே வந்த லாரிகள் எல்லாம் நெற்றியில் சந்தனமும் முகப்பில் வாழைக்கன்றுமாக வந்தன. அன்று ஆயுத பூஜை. வீட்டை விட்டுப் போகிறவனுக்கு அவ்வளவு வசதியான நாள் இல்லை. பாதிக் கடைகள் மூடியிருக்கும். திறந்திருக்கும் கடையிலும் வேலை கேட்க முடியாது, பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு பஞ்சர் கடைக்காரர் அப்படித்தான் ஒரு கை பொரி தந்தார். அதைத் தின்றுகொண்டே நடந்தேன். காலில் செருப்பில்லை. கோபத்தில் கிளம்புகிறவன் வாசலில் நின்று செருப்புத் தேட முடியாது.

எனக்குப் பதினைந்து வயது. அம்மா இறந்துபோயிருந்தாள். அப்பா ஹனூர்ப் பக்கம் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அம்மாவின் அண்ணன் என்னை மைசூருக்குக் கூட்டிவந்து, அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றபின் கால் ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. கூட்ஸ் வண்டியில் ஏறி அரசிக்கெரே வரை போயிருக்கிறேன், லாரியில் ஊட்டி வரை போயிருக்கிறேன். பசி எடுத்ததும் திரும்பி வந்துவிடுவேன். திரும்புவதில்லை என்று முடிவு செய்து கிளம்பியது அந்த ஒரு தடவைதான். காரணம் டிவி.

அந்த வருஷம் தசராவுக்கு முன் பழைய கறுப்பு வெள்ளை டிவியைக் கொடுத்துவிட்டுக் கலர் டிவி வாங்குவது என்று தீர்மானமாயிற்று. நானும் கூடப் போனேன். கடையில் சுவர் நெடுகச் சிறிதும் பெரிதுமாக டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே பெண் ஒரே சமயத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா ஒவ்வொரு டிவியின் முதுகிலும் விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ரயில் சக்கரத்தைச் சோதித்துப் பழகிய மனிதர். அத்தையின் முறை வேறு.

"எல்லாத்தையும் அணைச்சுக் காட்டுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"அணைச்சா என்னம்மா தெரியும்?"

"நாள் பூரா அணைஞ்சுதானே இருக்கப் போகுது? அப்ப எப்படி இருக்குன்னு பாக்க பேடவா?" அத்தையின் தமிழில் கன்னடம் கலந்திருக்கும், 'வேண்டாமா' என்பது 'பேடவா' ஆகிவிடும்.

மாமா இருபத்தொரு இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அத்தையின் கை இருபத்தொன்பது இன்ச்சின் தலையில் இருந்தது. "ஏன்ரீ, வாங்கறது ஒரு வாட்டி. ஜன்னல் மாதிரி இருக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து பூக்கட்டும் நார் ஒன்றை எடுத்தாள். வீட்டில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள சுவரை அளந்து வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். டிவியின் முகத்தில் நாரைப் பிடித்தாள். சரியாக இருந்தது. கடைக்காரர் அசந்துபோனார்.

அளந்தது அகலம் மட்டும் என்பது டிவி வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து டிவிக்கு முகத்தைப்போல முதுகும் உண்டு. சுவரில் முதுகு இடித்து, முகம் கூடத்தின் பாதியில் வந்து நின்றது. அந்தப் பாதியில்தான் நான் பாய் விரித்துப் படுப்பது. அதன்பிறகு ஸ்டாண்டுக்கு அடியில் தலையையும் சமையலறை வாசலில் காலையும் வைத்துப் படுத்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அதைவிடக் குறுகலான இடங்களில் படுத்திருக்கிறேன், அங்கெல்லாம் எழுந்ததும் காபி கிடைத்ததில்லை.

பெரிய டிவியைத் தள்ளி உட்கார்ந்து பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கண் கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் கூடத்தில் தள்ளி உட்கார இடம் ஏது? மாமா சமையலறைக் கதவைக் கழற்றிப் பரணில் போட்டார். அடுப்படியிலிருந்து பார்த்தால் படம் அருமையாகத் தெரிந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் மரியாதையாக அடுப்படிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தோம். எதிர்வீட்டு டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசி டின்மேல் உட்கார்ந்து கன்னடப் படம் பார்ப்பார். அத்தை குழம்பைக் கிளறிக்கொண்டே பார்ப்பாள். கதாநாயகி அழுகிற இடங்களில் குழம்பு அடிப்பிடிக்கும்.

டிவியைத் துடைப்பது என் வேலை. திரையின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே கை ரோமம் எழுந்து நிற்கும், எங்கிருக்கும் தூசியும் அதில் வந்து ஒட்டும். தினமும் காலையில் மெல்லிய துணியால் துடைத்து, அத்தை தைத்த வெல்வெட் உறையைப் போடுவேன். அந்த வீட்டில் இதை இவன்தான் செய்யவேண்டும் என்று எனக்காக இருந்தது அது ஒன்றுதான். அதனால் அதை ஒழுங்காகச் செய்தேன்.

ஆயுத பூஜையன்று அத்தை வீட்டில் ஓடுவது, சுற்றுவது, வெட்டுவது அனைத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, மாமாவின் ஸ்பேனர்கள், வாசலில் ஸ்கூட்டர். நான் தோற்ற பாடப்புத்தகங்களைக்கூட விடவில்லை. மாமாவின் டேப் ரெக்கார்டருக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. கூடத்தில் வேறு இடம் இல்லாததால் மாமா அவற்றைத் தூக்கி டிவியின் தலைமேல் பக்கத்துக்கொன்றாக வைத்தார். அதற்கு மேல் சாமந்திச் சரம். பார்க்கக் கோபுரம் மாதிரி இருந்தது. அத்தை கற்பூரம் காட்டிவிட்டு ஒரே ஒரு சட்டம் சொன்னாள்:

"குங்குமம் வெச்ச எதுவும் நாளைக்குக் காலைல மறுபூஜை ஆகற வரைக்கும் அசையக் கூடாது. அதுங்களும் ஒரு நாள் தூங்கட்டும்."

மத்தியானம் டீச்சரம்மா வந்தார். கூடவே சந்தில் பாதிப் பேர். டிவியில் ஏதோ நல்ல படமாம். மாமாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அத்தையைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தாள். "பூஜை போட்டதே நல்லா ஓடணும்னுதானே" என்று முனகிக்கொண்டே மாமா சுவிட்சைப் போட்டார்.

படம் வந்தது. கதாநாயகனின் சட்டை சரியாக இருந்தது, வேட்டி சரியாக இருந்தது. முகம் மட்டும் ஊதா. அவன் நடந்து அடுத்த பக்கம் போனதும் பச்சை ஆனான். தாயார் வந்தாள், அவளும் ஊதா. கூட்டத்தில் ஒரு பையன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். சேனல் மாறியது, முகங்கள் மாறின, ஊதா அங்கேயே இருந்தது.

"நான் சொன்னா யார் கேக்கறா?" என்றாள் அத்தை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நேத்து பூஜைக்குன்னு நீதானே தொடச்சே? தண்ணி கிண்ணி தொட்டுத் தொடச்சியா?"

நான் தண்ணீர் தொடவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அடுப்படியிலிருந்து அத்தனை தலைகளும் என்னைப் பார்த்தன. மாமா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து திரையின் ஓரத்தைத் தடவி, விரலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.

அது போதுமாக இருந்தது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடகொளா தாண்டியதும் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப்போய்க் குறுக்கே நின்றது. கைப்பிடியில் வாழைக்கன்று காற்றில் கிழிந்து தொங்கியது, விளக்கில் குங்குமம் அப்படியே இருந்தது. மாமா ஓட்ட, அத்தை பின்னால் உட்கார்ந்திருந்தாள். பூஜைப் புடவையில், மடியில் ஒரு மஞ்சள் பை. இறங்கி வந்து பையைக் கவிழ்த்தாள். என் செருப்பு இரண்டும் சாலையில் விழுந்தன.

"மொதல்ல இதப் போடு. போறவனுக்கு இது கூடத் தெரியல. ஊர் சுத்த வந்துட்டான்!"

"நான் வரல."

"வர வேண்டாம்ப்பா, செருப்பப் போடு. கொதிக்குது பாரு ரோடு."

போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டபிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமா சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டார். "ஏறுடா. பெட்ரோல் கம்மியா இருக்கு, வண்டிய ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்னமோ" என்றார். இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். ஊர் வரும்வரை யாரும் டிவியைப் பற்றிப் பேசவில்லை. அத்தையின் மஞ்சள் பை மட்டும் என் முதுகில் அழுந்திக்கொண்டிருந்தது. வீட்டில் ஸ்பீக்கர்களை அசைக்காமல் டிவியின் திரையை மட்டும் உறையால் மூடியிருந்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்ததும் மாமா ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கிவிட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் நாங்கள் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை.

"தலை மேல ஸ்பீக்கர் இட்டீங்களா சார்?"

மாமா தலையாட்டினார்.

"எல்லா வருஷமும் இதே கதை. ஆயுத பூஜை ஆனா எனக்கு நாலு வீட்டிலிருந்து போன். ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு சார், அது கலரை இழுத்துடும். பையன் வந்து ஒரு சுத்து சுத்தினா சரியாயிடும்."

"தொடச்சதுனால இல்லையா?" என்று நான் சத்தமாகக் கேட்டேன். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று கேட்டேன்.

"தொடச்சா என்னப்பா ஆகும்? சுத்தமாகும்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. கடைக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் வேறு ஏதோ பேசினார். "ஒரு இடத்துல உக்கார மாட்டான் சார். சுத்தற வேலையா இருந்தா நல்லா செய்வான். சாயங்காலம் மட்டும் வீட்டுக்கு வந்துடணும்" என்பது என் காதில் விழுந்தது. தசரா விற்பனையில் கடை திணறிக்கொண்டிருந்தது. டெம்போவின் பின்னால் உட்கார்ந்து, பெரிய டிவிகள் சாயாமல் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. நல்ல நாள், இப்போதே ஏறு என்றார் கடைக்காரர்.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் போனோம். மெக்கானிக் சுருள் கம்பி சுற்றிய பெரிய வளையம் ஒன்றை எடுத்து, மின்சாரம் கொடுத்து, திரைக்கு முன்னால் மெதுவாக வட்டமிட்டுக் காட்டினான். அசல் ஆரத்தி. அத்தை தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊதா சுருங்கி, ஓரத்துக்குப் போய், மறைந்தது.

"ஸ்பீக்கர்தான் காரணம். நான் இல்ல" என்றேன் அத்தையிடம். வழியெல்லாம் இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் முகம் எப்படி மாறும் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"சரி, உக்காரு. ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் போ. மொத நாள் வேலை, பசிக்கும்" என்றாள்.

முகம் மாறவே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே தின்றேன். பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ முதலாளிகளிடம் வேலை செய்து, செய்யாத தப்புக்கும் செய்த தப்புக்கும் வெளியே அனுப்பப்பட்ட பிறகுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. டிவியைக் கெடுத்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த போதுதான் அவர்கள் இருவரும் என்னைத் தேடி வந்திருந்தார்கள். நான் கெடுக்கவில்லை என்ற செய்தி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

அன்று அது தெரியாது. வெளியே டெம்போ ஹார்ன் அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். விஜயநகரில் ஒரு பென்ஷன்காரர் வீட்டில் இருபத்தொன்பது இன்ச் இறக்கவேண்டியிருந்தது.