பொட்டு வைத்து மறைத்த நட்சத்திரம்

எல்லோரையும் போல எரிமலை செய்து கொடுத்திருக்கலாம். நான் ஏன் தூசி சூழ்ந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்? இன்றுவரை எனக்கே விடை தெரியவில்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் எரிமலை பொங்கும், பக்கத்தில் நிற்கும் குழந்தை எதுவும் பேச வேண்டியதில்லை. என் மகளுக்குப் பொருத்தமானது அதுதான். வீட்டில் வாய் ஓயாதவள், பள்ளிக்குள் நுழைந்தால் ஒரு சொல் சொல்ல மாட்டாள். சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவளுடைய மிஸ் அவள் குரலைக் கேட்டதில்லை. இப்படியே போனால் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது சிரமம் என்று என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத் தொலைநோக்கிக்குள்ளேயே மறைத்து எடுத்த படம். நடுவே கருப்பு, சுற்றிலும் தூசி வளையம். தூசி ஒதுங்கியிருக்கும் விதத்தை வைத்து, அங்கே கண்ணில் படாத கோள் ஒன்று சுற்றலாம் என்று ஊகிப்பார்களாம். இயற்பியல் படித்தவள் என்ற நினைப்பில், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சத்தமாகப் படித்துத் தொலைத்தேன்.

"அப்பா கம்பெனித் தூசியில இத செய்யலாமாம்மா?" என்றாள்.

கணவர் நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். மாலை அவர் வந்ததும், "ஏனுங்க, நாளைக்குக் கொஞ்சம் பஞ்சுத் தூசி கொண்டாறீங்களா?" என்றேன்.

"தனியா வேற கொண்டாறோணுமா? எந்தலையத் தட்டு புள்ள, வேணுங்கறது உழுகும்."

தட்டினோம். விழுந்தது. மகள் உருண்டு உருண்டு சிரித்தாள்.

ஒரு அட்டைப்பெட்டிக்குள் டார்ச் பல்பு. அதன் முன்னால் பனியன் பேக் செய்யும் பாலித்தீன் கவரை இழுத்துக் கட்டி, துணியால் தேய்த்து, பஞ்சை வளையமாக ஒட்ட வைத்தேன். ஓரிடத்தில் மட்டும் சந்து விட்டேன், கோளுக்காக. பெட்டியில் துளையிட்டு எட்டிப் பார்த்தால் பல்பு வெளிச்சத்தில் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. மகள் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் கவரின் நடுவே ஒட்டினாள். பல்பு மறைந்தது. பஞ்சு வளையம் பளபளவென்று எழுந்து நின்றது. நாங்கள் இருவரும் மாறி மாறி எட்டிப் பார்த்ததில் குழம்பு அடிப்பிடித்தது.

பசை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எங்கள் ஊரில் பஞ்சு ஒட்டினால் போகாது. சேலையில், தலையில், சோற்றில்கூட ஒட்டிக்கொண்டு நிற்கும். அது தானாகப் பறந்துபோகும் என்று திருப்பூரில் யார்தான் நினைப்பார்கள்?

கண்காட்சியன்று சிறப்பு விருந்தினராக வந்தவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. பெரிய மீசை, கருநீலச் சட்டை. துளை வழியே பார்த்துவிட்டு, "செரியாத் தெரியலீங்களே" என்று பெட்டியின் மூடியைத் திறந்தார். தலைக்கு மேலே மின்விசிறி. வளையம் மொத்தமும் எழும்பி அவர் மீசையில் போய் உட்கார்ந்தது. தலைமையாசிரியை முகம் வெளுத்தது. எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அசையாதீங்க," என்றது ஒரு குரல். என் மகள். "உங்க மீசையில நடுவால ஒரு சந்து இருக்குதுங்க. அங்க ஒரு கோள் இருக்கோணும்."

அவர் அசையவில்லை. உதட்டை மட்டும் அசைத்து, "ஏங்கண்ணு, நா மூஞ்சி கழுவலாமா, கூடாதா?" என்றார்.

"வேண்டாங்க. எல்லாரும் பாத்துக்கட்டும்."

எரிமலைக்காரக் குழந்தைகள் வரிசையில் வந்து அவர் மீசையைப் பார்த்தார்கள். மகள் நட்சத்திரம், தூசி, கோள் என்று நிறுத்தாமல் விளக்கினாள். மிஸ் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இவ குரல் இப்படியாங்க இருக்கும்?" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை.

அன்றிலிருந்து வகுப்பில் பேசுகிறாள், கோள்களைப் பற்றி. டிவி மேல் படிந்த தூசியில் ஒரு கோடு, அது கோள். கட்டிலுக்கடியில் ஒரு வட்டம், இன்னொரு கோள். தோழிகளைக் கூட்டி வந்து காட்டுகிறாள். என்னைத் துடைக்க விடுவதில்லை. டிவி மேலிருப்பது பல்லி போன தடம் என்று எனக்குத் தெரியும். சந்து தெரிந்தாலே கோள் என்று விஞ்ஞானிகளும் சொல்வதில்லை, வேறு காரணமும் இருக்கலாம் என்பார்கள்.

அடுத்த மாதம் ஆண்டு விழா. "எங்க ஊட்டுல நான் கண்டுபுடிச்ச கோள்கள்" என்று மேடையில் பேசப்போகிறாள், மிஸ்ஸே பெயர் கொடுத்துவிட்டார். "பேசட்டும் உடு," என்கிறார் கணவர். காலையில் அவர் சொல்வது சரியென்று படுகிறது. மாலையில், தப்பைச் சொல்லிக் கைதட்டு வாங்க விடலாமா என்று தோன்றுகிறது. திருத்தினால் மறுபடி வாயை மூடிக்கொள்வாளோ? பிள்ளை வளர்த்தவர்கள் நீங்கள் சொல்லுங்கள். அது பல்லி என்று நான் எப்போது சொல்லட்டும், விழாவுக்கு முன்பா, பின்பா?