ராமநாதபுரம் போகும் மீன் பெட்டி

சென்னையிலிருந்து ராமநாதபுரத்துக்கு யாராவது மீன் பெட்டி கொண்டு போவார்களா? நீங்களே சொல்லுங்கள். அங்கிருந்து சென்னைக்கு வருவது சரி. மகள் வீட்டுக்கு, மச்சினன் வீட்டுக்கு என்று நண்டையும் இறாலையும் ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, பிரவுன் டேப் சுற்றி ரயிலில் ஏற்றுவது எங்கள் பக்கம் வழக்கம். வந்த பெட்டி மகள் வீட்டு பால்கனியிலேயே கிடக்கும். திரும்பிப் போகாது. ஆனால் அன்றைக்கு என் காலடியில் இருந்த பெட்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. புது டேப் சுற்றி, கனமாக.

நான்கு மாதத்துக்கு முன்னால், சென்னையில் ஒரு பெரிய ஸ்டேஷனின் ஏ.சி. வெயிட்டிங் ஹால். மத்தியானம் மூன்று மணி. வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. அரசு வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்காகத் தனியாக வந்திருந்தேன். டிகிரி முடித்துவிட்டு மூன்று வருஷம் வேறு எதுவும் செய்யாமல் படித்து எழுதிய பரீட்சை. சரிபார்ப்பு முடிந்துவிட்டது. மிச்சம் போலீஸ் விசாரணை ஒன்றுதான். என் பெயரில் எங்கேயாவது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வேலை. இருந்தால் கமுதிக்குப் பக்கத்தில் எங்கள் மிளகாய்க் காடு.

அய்யா அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

"ஏத்தா, எவன் என்ன குடுத்தாலும் வாங்காத. பைய மடியிலயே வச்சுக்க."

"சரிய்யா. நான் என்ன சின்னப் புள்ளையா."

"சின்னப் புள்ளைன்னாத்தேன் பயமில்லையே. எவனும் பேச்சுக் குடுக்க மாட்டான்."

ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஹாலை நோட்டம் விட்டேன். சார்ஜர் பாயிண்ட் பக்கத்தில் ஒருத்தன் நின்றான், கையில் சார்ஜரே இல்லை. எதிர் வரிசையில் ராமேஸ்வரம் போகிற ஒரு அம்மா, தீர்த்தம் பிடிக்கக் காலி கேன்களோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தால் கேனைப் பார்ப்பார்.

அப்போதுதான் அந்த ஆள் பெட்டியோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். வேட்டி, கட்டம் போட்ட சட்டை.

"எந்த வண்டித்தா?"

"ராமேஸ்வரம் வண்டி."

"நானும் அதேன். ஊரு?"

"கமுதிப் பக்கம். பரமக்குடில இறங்குவேன். உங்களுக்குண்ணே?"

"காரங்காடு, கடக்கரை ஊரு. ராமநாதபுரத்துல எறங்கி பஸ்ஸு. எந்த கோச்சு நீ?"

கோச் எதற்கு உனக்கு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே, "எஸ் நாலு" என்றேன். என் டிக்கெட் எஸ் ஏழு.

பத்து நிமிஷம் போனது. பிறகு எழுந்து, "ஆத்தா, இத ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்கத்தா. இங்கனதேன், வந்துர்றேன்" என்றார்.

"உள்ள என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வெறும் பெட்டி."

சென்னைப் பேச்சு பேசுகிற யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் 'இங்கன' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் தலை தானாக ஆடிவிட்டது.

அவர் போனதும் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தேன். வெறும் பெட்டி அப்படி இருக்காது. எவனும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க வலது காலை அதன் மேலே போட்டுக்கொண்டேன்.

இருபது நிமிஷம் ஆனது. ஆள் வரவில்லை. குனிந்து தரையைப் பார்த்தேன். மீன் பெட்டி என்றால் எந்த மூலையிலாவது தண்ணீர் கசியும், எவ்வளவு டேப் சுற்றினாலும் சரி. இதன் கீழே தரை காய்ந்து கிடந்தது. ஐஸ் இல்லை. அப்படியானால் மீன் இல்லை. ஆனால் மீன் வாடை மட்டும் குப்பென்று வந்தது. உள்ளே இருப்பதை மறைக்கத்தான் வாடையா?

கரைப் பக்கத்து ஆட்களிடம் பெட்டி என்றாலே எங்கள் ஊரில் முதலில் கடல் அட்டை என்பார்கள். கடலுக்கு அடியில் மண்ணோடு கிடக்கும் ஜீவன், பிடித்தாலே கேஸ். ஆனால் அட்டை எங்கள் கடலிலிருந்து வெளியே போகுமே தவிர ஊருக்குள் வராது. இது ஊருக்குள் போகிறது. அங்கிருந்து கடல் தாண்டவா? யோசித்துக்கொண்டே பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். பேனாவால் குத்தியது போல ஏழெட்டு ஓட்டை. காற்றுக்கு. உயிரோடு ஏதோ இருக்கிறது. நட்சத்திர ஆமையைத்தான் இப்படிக் கடத்துவார்கள் என்று எப்போதோ செய்தியில் பார்த்தது ஞாபகம் வந்த அதே நேரம், என் காலுக்குக் கீழே பெட்டி அசைந்தது.

ஃபைலை எடுத்துக்கொண்டு நான்கு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டேன். கேன் அம்மாவின் தலை என் பின்னாலேயே திரும்பியது.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ரயில்வே போலீஸ்காரர்கள் இரண்டு பேர் மோப்ப நாயோடு உள்ளே வந்தார்கள். வழக்கமான ரவுண்டுதான். நாய் ஒவ்வொரு பையாக மோந்துகொண்டு சாவகாசமாக வந்தது. பெட்டிக்கு முன்னால் நின்றது. பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைக்க ஆரம்பித்தது. சார்ஜர் பாயிண்ட் ஆள்தான் முதலில் வெளியே ஓடினான்.

"யாருதுங்க இது?" மூத்த போலீஸ்காரர் ஹால் முழுவதையும் பார்த்துக் கேட்டார்.

நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருதுன்னு கேக்குறேன்ல."

"அந்தப் பொண்ணக் கேளுங்க" என்றார் கேன் அம்மா. "இவ்ளோ நேரம் கால அது மேல போட்டுட்டு உக்காந்திருந்துச்சு."

போலீஸ்காரர் என்னிடம் வந்தார். "உங்களுதா?"

"எனக்குத் தெரியாது சார்."

"அவங்க சொல்றாங்களே?"

"வேற ஒருத்தர் வச்சுட்டுப் போனாரு சார். பாத்துக்கச் சொன்னாரு."

"இப்பதான் தெரியாதுன்னீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பெயர், அப்பா பெயர், ஊர். நான் ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தார்கள்தான், நான் கற்பனை பண்ணவில்லை. பேனா என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதுவதை நின்று பார்த்தேன். மூன்று வருஷப் படிப்பு அந்தத் தாளில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சீறல். நாயைப் பிடித்திருந்தவர் ஒரு எட்டு பின்னால் போனார். கதவைத் திறந்துகொண்டு அந்த ஆள் கையில் பால் பாக்கெட்டோடு ஓடி வந்தார்.

"சார், சார், நாய அங்கிட்டுப் பிடிங்க. பூனை சார் அது."

"பூனையா?"

"மக வளத்தது சார். வாடகை வீட்டு ஓனரம்மா பூனை இருக்கக் கூடாதுன்னுருச்சு. ஊருக்குக் கொண்டு போறேன்."

"மீன் பெட்டியிலயா கொண்டு போவீங்க?"

"நண்டு கொண்டாந்த பெட்டி சார். அந்த வாசத்துக்குச் சத்தம் போடாம கெடக்கும்னு நெனச்சேன்."

"பாஞ்சு கிழிக்கும்யா. இருக்கு இருக்குன்னு வாசம், தின்ன ஒண்ணுமில்லன்னா நீ சும்மா இருப்பியா?"

டேப்பைக் கிழித்துத் திறந்து காட்டச் சொன்னார்கள். சாம்பல் நிறப் பூனை, மூலையில் ஒடுங்கி, எங்கள் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தது. ஹாலில் சிரிப்பு. பூனைக்கு லக்கேஜ் புக்கிங் போட வேண்டும் என்று சொல்லி அவரைப் பார்சல் ஆபீசுக்குக் கிளப்பினார்கள்.

நான் போலீஸ்காரர் பின்னாலேயே போனேன். "சார், பூனைதான்னு தெரிஞ்சுபோச்சே. என் பேர அடிச்சுருங்க."

"அது சும்மா எழுதறதும்மா."

"எனக்கு வேலைக்கு போலீஸ் விசாரணை இருக்கு சார்."

"அப்ப எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுக் குறிப்பேட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெயரை அடிக்கவில்லை. அவர் ஹாலை விட்டு வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

திரும்பி வந்தால் அந்த ஆள் இன்னும் கிளம்பாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பூனைன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே."

"நீ போயிப் போட்டுக் குடுத்துட்டீன்னா?"

"என்னைய நம்பாமத்தான் எங்கிட்டக் குடுத்துட்டுப் போனீங்களாக்கும்."

"நம்பாம இல்லத்தா. நம்ம ஊருப் புள்ளதேன். இருந்தாலும்," என்று கேன் அம்மா பக்கம் தலையை ஆட்டினார், "உன்னைய ஒரு கண்ணு பாத்துக்கச் சொல்லி அந்தம்மாட்டச் சொல்லிட்டுத்தேன் போனேன்."

கேன் அம்மா கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ் நாலுலதான இருப்ப? ராத்திரி வந்து பாக்குறேன்."

"வாங்கண்ணே" என்றேன்.

பரமக்குடியில் இறங்கும்வரை எஸ் ஏழில் மேல் பெர்த்தை விட்டு நான் இறங்கவே இல்லை. நடந்ததை அய்யாவிடம் சொல்லவில்லை. குறிப்பேட்டிலிருந்து ஒரு பெயர் எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன்வரை வருமா, வராதா? தெரிந்தவர் யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் அவர், "ஏன் கேக்குற?" என்பார்.

என்னோடு தேர்வான சாயல்குடிப் பையன் விசாரணை முடிந்து, ஆர்டர் வந்து, போன மாதமே வேலையில் சேர்ந்துவிட்டான். எனக்கு விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை.