காற்றுப் பட்டால் எரியும் மருந்து

என் ஆராய்ச்சி அலுமினியத்தைப் பற்றியது. பாத்திரம் செய்யும் அலுமினியம் அல்ல. டிரைஎத்தில் அலுமினியம் என்ற திரவம்; லேபில் மருந்து என்போம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், காற்றுப் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு வினையூக்கி செய்து, மக்காச்சோளச் சர்க்கரையில் கிடைக்கும் மூலப்பொருளை மக்கிப்போகிற பிளாஸ்டிக்காக மாற்ற வேண்டும். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி லேபில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை ஊசி அடைத்துக்கொண்டது. அழுத்தியபோது சிரிஞ்சிலிருந்து கழன்றுபோய், தெறித்த துளிகள் என் மணிக்கட்டிலும் மேசையிலும் எரிந்தன. கையைக் குழாயடியில் நீட்டினேன். உடன் ஆராய்ச்சி செய்யும் நண்பர் உலர்ந்த மணலைக் கொட்டி மேசைத் தீயை அணைத்தார்.

கையில் கட்டோடு லேபுக்குத் திரும்பியபோது என் பேராசிரியர் ஒரு முடிவோடு இருந்தார். "இனி நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் போடும்மா. அந்த மருந்த அவரு பாத்துக்குவாரு" என்று நண்பரைக் காட்டினார். பேராசிரியர் கெட்டவர் இல்லை. என் அப்பாவுக்குப் பதில் சொல்லப் பயந்தார்.

"போன வருஷம் அவருக்கும்தான் சார் தீப்பிடிச்சுச்சு. அவரை யாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வைக்கலையே."

நண்பர் தலையைக் குனிந்தபடி, உண்மைதான் என்றார். பேராசிரியரிடம், தீப்பிடிக்காத கோட்டும் நீளக் கையுறையும் வேண்டும், அவை வரும்வரை அந்தப் பாட்டிலை நண்பரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அகரத்தில் எங்கள் வீட்டுக்கு நெய்க்காரப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முழுக்கை ரவிக்கை போடச் சொல்லி அம்மா கெஞ்சினார். நான் போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தழும்பைப் பார்த்து, "ஏனுங்க, கையில என்னங்க?" என்று கேட்டார். அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று அம்மா முந்திக்கொண்டார்.

"எண்ணெய் இல்லைங்க. லேபுல மருந்து பட்டு வெந்தது. திங்கக்கிழமை திரும்ப அதே வேலைக்குத்தான் போறேன்."

காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினார்கள். பிறகு தகவல் எதுவும் வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்கவே மறுத்தார். அப்பா மட்டும், "போய்த்தான் ஆகணுமா தாயி?" என்றார். ஆமாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பைக்கை எடுத்து, என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

கோட்டும் கையுறையும் வந்தன. சிரிஞ்சை எடுத்ததும் அன்றைய தீ ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டு, ஊசி இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பேராசிரியர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று மறுபடி எடுத்தேன். இந்த முறை ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

சாயங்காலத்துக்குள் குடுவையில் வினையூக்கியும் மூலப்பொருளும் கலந்த கரைசல் பாகு போல இறுகி, கலக்குவதற்காக உள்ளே சுற்றிய காந்தத் துண்டு திணறி நின்றுபோனது. மெத்தனாலில் ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் திரண்டது. பேராசிரியர் ஒரு துண்டைக் காயவைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்து எதை மாற்றிப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டார். கம்ப்யூட்டர் பேச்சை எடுக்கவில்லை.

அம்மாவுக்கு நெய்க்காரப்பட்டி வரன் கைவிட்டுப்போன வருத்தம் இன்றைக்கும் உண்டு. எனக்கு இல்லை.