காப்புக் கட்டிய வெப்சைட்

வெப்சைட் செய்வதற்கான மென்பொருளை உலகம் இலவசமாகத் தருகிறது. செய்து கொடுத்த பிறகு வரும் ஃபோன் கால்களையும் அதே தாராளத்தோடு தருகிறது. உங்களில் யாராவது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் கையைக் கொடுங்கள். நாம் சொந்தக்காரர்கள். "சின்ன வேலைதான், ரெண்டு நிமிசம்" என்று யாராவது ஆரம்பித்தாலே நமக்கு ஒரே இடத்தில்தான் வலிக்கும்.

என் கடை அருப்புக்கோட்டையில், கீழே ஜெராக்ஸ், மாடியில் நான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசியே எனக்குக் குரல் இப்படி ஆகிவிட்டது. என் பேர் எஸ்தர். கோபக்காரி என்று ஊரில் பேச்சு. பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, விதைக்கடை என்று எத்தனையோ வெப்சைட் செய்திருக்கிறேன். ஆனால் என்னை ஆட்டி வைத்தது ஒரே ஒரு குலதெய்வக் கோயில் வெப்சைட். அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன்.

வந்தவர்

வேலுச்சாமி ஐயா திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். திருச்சுழிக்குத் தெற்கே மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி, வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர்கள் குலதெய்வக் கோயில் பங்காளிகள் வேலை தேடித் திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்களாம். மாசிக் களரித் திருவிழாத் தேதி, கோயில் வரலாறு, நிர்வாகக் குழு எல்லாம் போட்டு ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். "நான் வேதக்காரி ஐயா, சர்ச்சுக்குப் போறவ, பரவாயில்லையா?" என்றேன். "கம்ப்யூட்டரு எந்தச் சாமி கும்புடுது?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

டீ பாதி குடித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பதினோரு வருசத்துக்கு முந்திக் களரியில், முதல் திருநீறு யார் வாங்குவது என்று அவருக்கும் அவர் அண்ணன் கருப்பையாவுக்கும் சண்டை. அண்ணன் கோபித்துக்கொண்டு குடும்பத்தோடு திருப்பூர் போனவர்தான், அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவர் ஃபோன் போட்டால் எடுப்பதில்லை. பத்திரிகை அனுப்பினால் பிரிக்காமலே திரும்பி வரும். அண்ணன் மகள் செல்வி மட்டும் சித்தப்பாவோடு ரகசியமாகப் பேசுவாளாம். நாள் முழுக்க அப்பா ஃபோனும் கையுமாகத்தான் இருக்கிறார் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். "இந்தக் களரிக்காவது அவுக வரணும் தாயி" என்று சொல்லிவிட்டு, மிச்ச டீயைக் குடிக்காமலே தள்ளி வைத்தார். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அதற்கு வெப்சைட் எதற்கு என்று கேட்டேன்.

"எங்கண்ணன் யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு தாயி. ஃபோன்ல எழுத்தா வந்தா நம்பிருவாரு."

தாடிக்காரர்

மென்பொருளோடு கூடவே ஒரு மாதிரிப் பக்கம் வரும், உங்களுக்குத் தெரியும். நாம் நம்முடைய படத்தை மாற்றிப் போடும்வரை அதில் யாரோ வெள்ளைக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அந்த மாதிரியை வேலுச்சாமி ஐயாவுக்கு மட்டும் அனுப்பினேன். அவர் சந்தோசத்தில் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். "எங்கள் குழு" என்ற தலைப்புக்குக் கீழே செம்பட்டைத் தாடியோடு ஒருத்தன் நிற்கிறான்.

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஃபோன். இவன் யார் என்று கேட்ட எல்லாருக்கும் அது வெறும் மாதிரிப் படம்தான் என்று விளக்கி நாக்கு வறண்டுவிட்டது. கடைசியாகச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிம்மா. அந்தத் தாடிக்காரரு எந்த வகையறா? நம்ம காளிமுத்து மகன் சாடை அப்படியே இருக்கே."

மூன்று சாவி

அவர்கள் கோயிலில் சாமி நகை வைக்கும் மரப்பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று வகையறாவிடம் ஆளுக்கு ஒரு சாவி. மூன்று பேரும் வந்தால்தான் திறக்க முடியும். நான் வெப்சைட்டின் பாஸ்வேர்டை எழுதி நீட்டியதும், கூடி இருந்த பெரிய மனுசர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சீட்டை வாங்கி, பன்னிரண்டு எழுத்தையும் நாலு நாலாகக் கிழித்து, ஆளுக்கு ஒன்றாக மடியில் செருகிக்கொண்டார்கள், எனக்குப் பிரதி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஏசப்பா! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு படம் மாற்ற வேண்டும் என்றாலும் மூன்று பேருக்கு ஃபோன் போட வேண்டும். முதல் ஆள் உடனே சொல்லிவிடுவார். இரண்டாவது ஆள் எப்போதும் காட்டில் ஆட்டோடு இருப்பார், டவர் இருக்காது. மூன்றாவது ஆள் தன் நாலு எழுத்தை மற்ற இரண்டு பேருக்கும் தெரியாமல் சொல்ல வேண்டும் என்று மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு எனக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கொண்டேன் என்று உண்மையைச் சொன்னேன். சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், மூன்றாவது ஆள் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"பெட்டி செஞ்ச ஆசாரிக்குத் தெரியாத பூட்டா? நீ வச்சுக்க. ஆனா எங்க துண்டுச் சீட்டு எங்ககிட்டயேதான் இருக்கும்."

யார் பேர் முதலில்

இதுதான் என் ஆயுசில் பாதியைத் தின்றது. நிர்வாகக் குழுவில் இருபத்திரண்டு பேர். யார் பேர் மேலே வருவது? அகர வரிசையில் போட்டேன். "அ"வில் பேர் உள்ளவர்கள் மட்டும் வாழ்த்தினார்கள், மிச்சப்பேர் வைதார்கள். வயது வரிசையில் போட்டேன். அங்கேதான் வினை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதியை வைத்துக்கொண்டு, கூடப் பிறந்த அண்ணனை விடத் தான் மூத்தவர் என்று சாதிக்கிறார் ஒரு தம்பி.

வேலுச்சாமி ஐயாவுக்கு ஒரே பிடிவாதம். வராத அண்ணன் பேரும் அதில் இருக்க வேண்டும். "வராத ஆளுக்கு எதுக்குப் பேரு?" என்று குழுவில் கேட்டபோது, "அப்ப என் பேரையும் எடுத்திருங்க" என்று எழுந்துவிட்டார். பேர் தங்கியது, வரிசைதான் தீரவில்லை. கடைசியில் ஒரு சின்ன நிரல் கிடைத்தது. ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் பேர்களைக் குலுக்கி வேறு வேறு வரிசையில் காட்டும். யாரும் நிரந்தரமாக முதல் இல்லை, யாரும் நிரந்தரமாகக் கடைசி இல்லை. ஊரே அடங்கிவிட்டது. ஒரே ஒருத்தர் மட்டும் அடுத்த வாரம் ஃபோன் போட்டு, மருமகனிடம் காட்டுவதற்காகத் தன் பேர் மேலே வரும்வரை திரும்பத் திரும்பத் திறந்து ஃபோட்டோ பிடித்து வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

"நாப்பத்தோராவது தடவை வந்துச்சும்மா. கோயில்ல இம்புட்டு நேரம் நான் நின்னதே இல்ல."

குப்பையும் வெளியே போகக் கூடாது

களரிக்கு எட்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பூசாரி கையில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் இருக்கிற பங்காளிகள் வெளியூர் போய்த் தங்கக் கூடாது, புதுவேலை எதையும் தொடக் கூடாது. அதைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார்கள். வெப்சைட்டும் கோயில் சொத்துதான், அதனால் எட்டு நாளைக்கு எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது. பார்க்கலாம், தொடக் கூடாது. பராமரிப்பு வேலை செய்கிறவர்களே, அப்டேட் செய்யச் சொல்லி ஒன்பது சிவப்புப் புள்ளி கண்ணெதிரே நிற்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெப்சைட்டுக்கு வரும் கருத்துகளில் முக்கால்வாசி விளம்பரக் குப்பை. மென்பொருளே அதை இனம் பிரித்து ஒரு பெட்டியில் தள்ளிவிடும். திங்கட்கிழமைதோறும் நான் படிக்காமலே மொத்தத்தையும் அழித்துவிடுவேன். அந்தத் திங்கட்கிழமை பார்த்தால் நானூறுக்கு மேல் சேர்ந்திருந்தது. இதையாவது அழிக்கிறேனே என்று வேலுச்சாமி ஐயாவிடம் கெஞ்சினேன். மனுசன் அசையவில்லை.

"குப்பையா இருந்தாலும் காப்புக் கட்டுன இடத்துலருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாது தாயி. கெடக்கட்டும்."

எட்டுத் தடவை

எரிச்சலில், தொடத்தானே கூடாது, படிக்கலாம் இல்லையா என்று அந்தக் குப்பையைப் படிக்க ஆரம்பித்தேன். மூட்டுவலி மருந்து, லாட்டரி, ரஷ்ய எழுத்தில் என்னென்னவோ. நடுவில் தமிழில் ஒன்று. ஐந்து நாளைக்கு முந்தி வந்தது. அதே சேதி எட்டுத் தடவை. ஒரே சேதியை ஒருத்தர் திரும்பத் திரும்ப அனுப்பியதால் மென்பொருள் குப்பை என்று முடிவுகட்டியிருக்கிறது. அப்படி முடிவுகட்டச் சொல்லி வைத்தவளும் நான்தான்.

"நான் கருப்பையா. என் பேரு இருக்குன்னு மக சொன்னா, நம்பல. தெறந்து பாத்தேன், இருக்கு. திரும்பப் பாத்தா வேற எடத்துல இருக்கு. ஒரு எடத்துல நிக்க விடுங்கலே. களரிக்கு நான் வரலாமா? செவ்வாக்கெழமை பஸ்ஸுக்குப் பதியணும். அதுக்குள்ள பதில் போடலைன்னா வர வேணாம்னு அர்த்தம்."

செவ்வாய்க்கிழமை என்றால் மறுநாள். பதினோரு வருசம் வாய் திறக்காத மனுசன் வாய் திறந்து எட்டுத் தடவை கேட்டிருக்கிறார், நான் அதைக் குப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். வழக்கம்போல அழித்திருந்தால்? வேலுச்சாமி ஐயாவுக்கு ஃபோன் போட்டு வாசித்துக் காட்டினேன். மனுசன் அழுதுவிட்டார். பிறகு, "காப்புக் கட்டியிருக்கே தாயி, பதில் போட்டா சாமிக் குத்தம் ஆகாதா?" என்றார். கோயிலில்தான் நின்றிருக்கிறார். பூசாரியிடம் கேட்கச் சொல்லிக் கத்தினேன். பூசாரி குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏய், காப்பு வெளிய போறவனுக்குத்தான்டா. உள்ள வர்றவனுக்கு என்ன தடை? போடச் சொல்லு அந்தப் பிள்ளைய!"

வந்து இறங்கியவர்

பதிலை வேலுச்சாமி ஐயா ஃபோனில் சொல்லச் சொல்ல, அண்ணன் சேதிக்குக் கீழேயே நான் அடித்தேன். முதலில் "பேரன்புள்ள" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் வந்தது. வேண்டாம் என்றார். அடுத்தது நாலு வரி. அதுவும் வேண்டாம் என்றார். கடைசியில் நின்றது இரண்டே வார்த்தை: "அண்ணே, வாங்க." பொத்தானை அழுத்தும்போது ஜெபம் பண்ணிக்கொண்டேதான் அழுத்தினேன். எந்தச் சாமிக்குக் கேட்டதோ, அன்று சாயங்காலம் செல்வியிடமிருந்து வேலுச்சாமி ஐயாவுக்குச் சேதி வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பதிந்தாயிற்று.

களரியன்று படம் எடுக்க நானும் போயிருந்தேன். காலைப் பஸ்ஸில் கருப்பையா மனைவி, மகளோடு வந்து இறங்கினார். வேலுச்சாமி ஐயா முன்னால் போய், அண்ணன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். வெப்சைட்டைத் திறந்து, கோயில் வரலாறு என்ற பக்கத்தில் விரலை வைத்தார். "ஏலே, கோயில் கெணத்துக்கு மோட்டரு வச்சது நீயின்னு போட்டிருக்கே. திருச்சுழியிலருந்து மோட்டர தலையில தூக்கிட்டு வந்தது யாரு?" தம்பி பையைத் தோளுக்கு மாற்றினார். "தூக்கிட்டு வந்தா ஆச்சா? வயரு மாட்டுனது யாரு?" என்றார்.

கோயில் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தே வந்தது. முதல் திருநீறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பூசாரி கெட்டிக்காரர், இரண்டு கையிலும் அள்ளி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நீட்டினார். வாங்கிப் பூசும்போதும் மோட்டார் சண்டை ஓயவில்லை. நெற்றி நிறையத் திருநீறும் கண் நிறையத் தண்ணீருமாக வேலுச்சாமி ஐயா என்னிடம் ஓடி வந்தார், முகமெல்லாம் பல்.

"பாத்தியா தாயி, எங்கண்ணன் என்கூடச் சண்ட போடுறாரு!"

ஆக, இந்தத் தொழிலில் எதையும் படிக்காமல் அழிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட நான், திங்கட்கிழமைதோறும் உலகத்து மூட்டுவலி மருந்து விளம்பரம் அத்தனையையும் இப்போது ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.