தள்ளினால் ஓடுகிற வண்டி

என் தங்கை அல்லியைக் கட்டிக்கொடுத்தபோது அரசப்பனுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஊரில் பல பேர், "ஏன் செல்லையா, போயும் போயும் நொண்டிக்கா தங்கச்சியக் குடுத்த?" என்று கேட்டு என் வாயைக் கிளறியிருக்கிறார்கள். கல்யாணம் நடந்தது எழுபத்தாறில். வள்ளம் அவன் மேல் ஏறியது எழுபத்தொன்பதில். பட்டினச்சேரிக் கரையில் வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளும்போது அலை திருப்பி அடித்து, வள்ளம் அவன் இடது முழங்காலில் வந்து உட்கார்ந்தது. எலும்பு ஒட்டியது. பழைய பலம் திரும்பவில்லை.

ஆடுகிற வள்ளத்தில் ஊன்றி நிற்க முடியாதவனுக்குக் கடலில் வேலை கிடையாது. அரசப்பன் காரைக்காலுக்கு வந்து லாரிக்காரர்களோடு சுற்றி, வண்டி ஓட்டப் பழகி, லைசன்ஸும் வாங்கினான். பட்டினச்சேரியில் அன்றைக்கு வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். பிறத்தியார் வண்டியில் மீன் ஏற்றிப்போய்க்கொண்டிருந்தான். அல்லி கூடையைத் தூக்கிக்கொண்டு காரைக்கால் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போனாள். மீன் நாற்றம் என்று கண்டக்டர் ஏற்றாத நாட்களில் நடந்தே போனாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் காரைக்காலில் குடியேறிவிட்டவன். எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த ஒரு வெளிநாட்டு காண்ட்ராக்டரின் கேம்பில் ஸ்டோர் கிளார்க். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஸ்டோரில் கிடந்த புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டு, வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறில் கேம்பைக் கலைத்தார்கள். இரண்டு பிக்கப் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. இரண்டும் ஜப்பான் வண்டி, இரண்டும் டீசல், சிங்கப்பூரிலிருந்து வந்தவை. முன்சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் கம்பி ஸ்டீயரிங்கிலேயே இருந்ததால் காலடியில் இடைஞ்சல் இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒரு வண்டியில் கிளட்சை அமுக்கிக் கியர் போட வேண்டும். இன்னொன்று ஆட்டோமேட்டிக், அதில் கிளட்சே கிடையாது. இடது காலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

அரசப்பனுக்கென்றே செய்த வண்டி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முதலாளியிடம் கெஞ்சி, ஏலத்துக்கு முதல் நாள் அதைக் கேம்புக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வைத்தேன். அவன் இடது காலை ஓரமாக நீட்டிப் போட்டுக்கொண்டு இரண்டு சுற்று வந்தான். ஏழு வருஷமாக அவன் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அன்று இருந்தது. அல்லி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, இதையே எடுத்துரச் சொல்லு. ராத்திரில அந்த முட்டிய அவரு புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறத நாந்தான் பாக்குறேன்."

அவன் வண்டியை விட்டு இறங்கி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மச்சான், பேட்டரி படுத்துட்டா இத தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?"

"முடியாது. ஆட்டோமேட்டிக்க தள்ளுனா எஞ்சின் புடிக்காது. பேட்டரிய ஒழுங்கா வச்சிக்க வேண்டியதுதான்" என்றேன். அவன் தலையாட்டினான். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆட்டோமேட்டிக் வண்டி ஏலத்துக்கு வந்தபோது அவன் வாயைத் திறக்கவில்லை. விலாவில் இடித்தேன். கிள்ளினேன். அம்பகரத்தூர் ரைஸ்மில்காரர் ஒருவர் அதைத் தட்டிக்கொண்டு போனார். அடுத்து கியர் வண்டி வந்தது. கை தூக்கினான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேம்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு மாப்ள?"

"எங்க ஊரு உப்புக்காத்துல பேட்டரி எத்தன நாளு நிக்கும் மச்சான்? அங்க மெக்கானிக்கு கெடையாது. தள்ளுறதுக்கு ஆளு இருக்கு."

"தள்ளுறதுக்கு ஆளு இருக்கு. அமுக்குறதுக்கு ஒனக்குக் காலு இருக்கா?"

அவன் திரும்பிப் பணம் கட்டப் போனான். அல்லியும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனாள். நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். மூன்றே மாதத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்பான் என்று காத்திருந்தேன்.

அவன் வரவில்லை. வண்டி தினமும் ஓடியது. விடியற்காலையில் மீனோடு காரைக்கால் மார்க்கெட் வாசலில் வந்து அலுங்காமல் நின்றது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். குறை சொல்ல வேறு எதுவும் கிடைக்காமல் தங்கையைப் பிடித்தேன். மீன்காரிகள் எல்லோரும் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் முன்சீட்டில் புருஷனை ஒட்டி உட்கார்ந்து வந்தாள். ஒருநாள் மார்க்கெட்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

"என்ன, மகாராணி இப்பல்லாம் முன்சீட்ட விட்டு எறங்குறதில்லயோ?"

அவள் சிரித்துக்கொண்டே மீனைக் கொட்டினாள்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன, வண்டியும் கிடந்தது. எட்டாம் நாள் காலை மழை விட்டதும் பட்டினச்சேரியிலேயே இருந்த என் கடைசித் தம்பி பாலகுருவும் அவன் கூட்டாளி முத்தையனும் கடலுக்குப் போனார்கள். ஒரு வருஷ வீம்பு எனக்கும் சலித்துப்போயிருந்தது. தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அன்றைக்குத்தான் நான் சைக்கிளில் பட்டினச்சேரி போனேன். அரசப்பன் வண்டியில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது.

"பேட்டரி படுத்துருச்சு" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல. அப்போது கரையிலிருந்து கூச்சல் கேட்டது.

முத்தையன் வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டு ஓடிவந்தான். வலையில் ஒரு பெரிய திருக்கை ஏறியிருக்கிறது. பாலகுரு அதைப் பிரித்தெடுக்கும்போது வாலால் அடித்து, வால்முள் தொடையில் இறங்கி முறிந்துவிட்டது. தூக்கி வந்தார்கள். கட்டியிருந்த துண்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வயதுப் பையனின் உதடு வெளுத்திருந்தது.

பஸ் வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பாதையில் முழங்கால் தண்ணீர் நின்றது. பஸ் ஓடுகிறதா என்றும் தெரியாது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வேறு வழி இல்லை. இந்த வண்டி கிளம்ப வேண்டும்.

பாலகுருவைப் பின்னால் ஏற்றிப் படுக்க வைத்தோம். அல்லி அவனோடு ஏறி, சேலைத் தலைப்பைச் சுருட்டிக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அரசப்பன் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தினமும் வள்ளம் தள்ளுகிற ஊர் அது. ஆணும் பெண்ணுமாக முப்பது நாற்பது பேர் வந்து வண்டியில் கை வைத்தார்கள். முத்தையன் குரல் கொடுக்க, வண்டி ஈர மணலில் நகர்ந்தது. வேகம் பிடித்தது.

கிளட்சை அமுக்கிப் பிடித்திருந்து, வேகம் வந்ததும் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பாதி தூரத்திலேயே அவன் கால் நழுவிவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. தள்ளியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பாலகுரு பல்லைக் கடித்து முனகினான்.

மறுபடி தள்ளினார்கள். இந்தத் தடவை வலது காலால் கிளட்சை அமுக்கிப் பார்த்தான். விட்டதும் எஞ்சின் ஒரு தரம் உறுமியது. கால் ஆக்ஸிலேட்டருக்கு மாறுவதற்குள் அணைந்துவிட்டது. முன்னால் இன்னும் கொஞ்சம் தூரம்தான் கெட்டிமணல். அதைத் தாண்டினால் சேறு, அதில் யார் தள்ளினாலும் வேகம் வராது.

"ஏலத்தன்னிக்கே சொன்னேனே பாவி" என்று நான் கத்தினேன். என் தம்பியின் உயிர் என் மடியில் இருந்தது. அந்த நேரத்திலும் நான் சொன்னதுதான் சரி என்பதே என் வாயில் வந்தது.

அல்லி என் கையைப் பிடித்து இழுத்துக் காயத்தின் மேல் வைத்தாள். "அண்ணே, இதப் புடி. அழுத்திப் புடி, விட்டுறாத."

"நீ எங்கடி போற?"

அவள் பின்பக்கம் குதித்து, ஓடி, முன்கதவைத் திறந்து ஏறினாள். இந்த நேரத்திலும் இவளுக்கு முன்சீட்டா என்று நினைத்தேன். நினைத்ததை ஒளிக்கவில்லை, எழுதுகிறேன்.

மூன்றாம் முறை தள்ளினார்கள். என் விரலிடுக்கில் ரத்தம் சூடாக வந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடி வழியாக இருவருடைய தலையும் தெரிந்தது. ஒரு பேச்சும் இல்லை. கெட்டிமணல் முடிய நாலடி இருக்கும்போது அவன் தலையை லேசாக அசைத்தான். வண்டி ஒரு தரம் விக்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ளியவர்கள் பின்னாலேயே ஓடிவந்து, சேற்றிலும் தள்ளி, ரோட்டில் ஏற்றிவிட்டுத்தான் நின்றார்கள்.

வழியெல்லாம் தண்ணீர். வேகம் குறைத்தான், கூட்டினான், குறுக்கே வந்த மாட்டுக்கு நின்றான். கியர் ஒரு இடத்தில்கூட உராயவில்லை. பாலகுரு, "அண்ணே, குளுருது" என்றான். பேசிக்கொண்டே இருடா என்று அவன் கன்னத்தில் தட்டினேன். அரசலாற்றுப் பாலத்து மேட்டில் வண்டி திணறியது. ஒரு கியர் இறங்கியது, மேடு ஏறியது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். தையல், ரத்தம் என்று ஏதேதோ செய்தார்கள். மத்தியானம் நர்ஸம்மா வெளியே வந்து, "தண்ணி கேக்குறாரு, இனிமே பயமில்ல" என்றார். அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். வராந்தாவில் ரத்தக் கால்தடம் இருந்தது. பாலகுருவைத் தூக்கித்தானே கொண்டுபோனோம் என்று அதைப் பார்த்தபடியே நடந்தேன். தடம் அல்லியிடம் போய் நின்றது. அவளுடைய வலது காலில் பெருவிரலுக்குக் கீழே சதை கிழிந்திருந்தது. அதைச் சுற்றித் தோல் காய்ச்சுப்போய்க் கிடந்தது, ஒருநாளில் வந்த காய்ப்பு இல்லை.

"என்னடி இது?"

"கிளட்சு ரப்பரு தேஞ்சு போச்சுண்ணே. இரும்பு கிழிச்சிருச்சு."

"எத்தன நாளா?"

"வண்டி எடுத்த அன்னிக்கி சாயங்காலத்துலேர்ந்து. பாலத்து மேட்டுல அவரு காலு வெடவெடன்னு நடுங்குச்சு. நான் பக்கத்துலேர்ந்து என் கால வச்சு அமுக்குனேன். அவரும் சொல்லல, நானும் கேக்கல. அப்படியே பழகிருச்சு."

அரசப்பன் அதற்குள் நொண்டி நொண்டி வந்து, கெட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். அவள் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, தோள் துண்டால் துடைத்தான்.

"விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றான்.

மகாராணி என்று நான் சொன்னபோது அவள் சிரித்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அவர்கள் முன்னால் நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

பாலகுரு தழும்போடு பிழைத்தான். அம்பகரத்தூர்க்காரரின் ஆட்டோமேட்டிக் வண்டியும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மறுவாரம் நான் காஜா மைதீன் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் தேடிப் பிடித்து, கெட்டியான ஒரு பெடல் ரப்பர் வாங்கிக்கொண்டு பட்டினச்சேரி போனேன். வண்டிக்குள் குனிந்து நானே மாட்டினேன். வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரிந்த நான் என் வாழ்நாளில் ஒரு வண்டிக்குச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அரசப்பன் ஸ்டீயரிங் பக்கம் வந்து நின்று, "நல்லாருக்கு மச்சான், நான் அமுக்கிப் பாக்கட்டுமா?" என்றான்.

"நீ எதுக்கு?" என்றேன். "அல்லியக் கூப்புடு."